ஓர் ஆணிகூட இல்லாத பெட்டி!

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகும் சாலையை ஒட்டி ஒரு சிற்றூர். அங்கே ஓட்டு வீடு ஒன்று. அந்த வீட்டு அம்மாளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பட்டாசு ஆலையில் முப்பது வருஷ வேலை. வேறு ஒரு விஷயமாக அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், அவருடைய ஈ.எஸ்.ஐ. அட்டையைக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு நிமிஷம்கூட ஆகியிராது. கையில் ஒரு மரப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். மூடியை விரலால் இழுத்தார். தீப்பெட்டியைத் திறப்பதுபோல் மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ரேஷன் அட்டை, ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகம், வீட்டு வரி ரசீதுகள், மகளின் பள்ளிச் சான்றிதழ். எல்லாம் அடுக்காக இருந்தன.

அட்டையை வாங்கிப் பார்த்தேனோ இல்லையோ, நினைவில்லை. பெட்டியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆணி இல்லை. திருகாணி இல்லை. கீல் இல்லை, நாதாங்கி இல்லை. மருந்துக்குக்கூட இரும்பு இல்லை!

"எங்க ஊரு ஆசாரி செஞ்சது சார். எல்லாம் உடைச்ச பெட்டிப் பலகை. காசு கொடுத்து வாங்குன மரம் இதுல ஒரு துண்டுகூடக் கிடையாது" என்றார்.

"ஆணி அடித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே?"

அந்த அம்மாள் சிரித்தார். "அவருக்கு அது கை வராது சார். அவுக அப்பா காலத்துல இருந்து ஃபேக்டரிக்குச் சாமான் செஞ்ச கை."

இரும்புக்கு அனுமதி இல்லை

இதன் பொருள் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது.

பட்டாசு மருந்து கையாளும் அறைக்குள் இரும்புக்கு இடம் இல்லை. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைக் கண்டிப்பாகச் சொல்கின்றன. உள்ளே இருக்கும் பலகை, அலமாரி, மேஜை எதிலும் இரும்போ எஃகோ வெளியே தெரியக் கூடாது. கருவிகள் மரம், செம்பு, பித்தளை போன்றவற்றால் ஆனவையாக இருக்கவேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது.

காரணம் எளிது. இரும்பு கல்லிலோ இன்னோர் இரும்பிலோ உரசினால் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று பிய்ந்து காற்றில் எரியும். அதைத்தான் பொறி என்கிறோம். நம் வீட்டில் அது பொறி. மருந்து அறையில் அது நாலு உயிர். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட பட்டாசு ஆலை விபத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் உண்டு. அவற்றுக்கெல்லாம் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உரசல் என்ற வார்த்தையைக் கேட்டாலே இங்கே முகம் மாறுகிறது.

ஆகவே மருந்து அறைக்குத் தட்டு, அகப்பை, கொட்டாப்புளி, பெட்டி என்று செய்து கொடுக்கும் தச்சர், இரும்பு ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு சேர்க்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அந்தக் கைதான் இந்த வீட்டுப் பெட்டியையும் செய்திருக்கிறது.

காகிதத்தைத் தேடிய வீடு

அந்த அம்மாள் பெட்டி செய்யச் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சாவு. ஆலை விபத்துதான். உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுத ஆள் வந்துவிட்டார். காகிதங்களைக் காணோம். பரணில் சாக்குப் பைக்குள் இருந்தன. எடுத்துப் பார்த்தால் பாதியைச் செல் அரித்துவிட்டது. மீண்டும் நகல் வாங்க அந்தக் குடும்பம் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கியது என்று அவர் விரல்விட்டு எண்ணினார். கை விரல்கள் போதவில்லை.

"அழுறதா, அலையறதா சார்? ஆத்திர அவசரத்துக்கு எடுக்க ஒரே இடம் வேணும்ல?"

மறு வாரமே ஆசாரியிடம் போய்விட்டாராம். நானும் போனேன்.

நடுக்கட்டை

ஆசாரியின் பட்டறை ஒரு வேப்ப மரத்தடி. வெயிலுக்குத் தகரம் போட்டிருக்கிறார். எழுபது வயதுக்காரர். "வாங்க தம்பி, இழைப்புச் சுருள் மேலயே உட்காருங்க, மெத்தை மாதிரி இருக்கும்" என்றார். உண்மைதான்.

அந்த இழுப்பு மூடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தம் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து மூடிக் காட்டினார். அவ்வளவுதான் பதில்!

இந்த மண்ணின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன சிறிய மரப்பெட்டி அதுதானே? இன்று தீப்பெட்டி அட்டையில் வருகிறது. ஒரு காலத்தில் அது அசல் மரம். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறு ஆண்டு சொந்த ஊரில் தொழில் தொடங்கியது. மழை பொய்த்த கரிசல் சீமைக்கு அது கஞ்சி வார்த்தது.

அந்தப் பெட்டி செய்த விதத்தை இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். மட்டி போன்ற மென்மையான மரம் மலையாளக் கரையிலிருந்து வரும். உருளைக் கட்டையை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். நீண்ட கத்தி ஒன்று அதன்மேல் படும். வாழைப்பட்டையை உரிப்பதுபோல் மரம் மெல்லிய சீவலாக உரிந்து வரும். சீவலை அளவாக வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் கோடு கீறிவிடுவார்கள். வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் அதை மடித்துக் காகிதம் சுற்றிப் பசை தடவி ஒட்டினார்கள். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் ஒட்டினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அட்டை வந்தபோது சீவல் போயிற்று. அதோடு பல திண்ணைகளின் வருமானமும் போயிற்று.

எத்தனை உரித்தாலும் கட்டை முழுவதும் சீவலாகாது. இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும் நடுக்கட்டை மிஞ்சும். அது அடுப்புக்குப் போகும். "எங்க அப்பா அதை அடுப்புல வைக்க விடமாட்டார் தம்பி. எங்க மூணு பேருக்கும் பம்பரம், வண்டிச் சக்கரம், மசிக்கூடு எல்லாம் அதுலதான்" என்றார் ஆசாரி. மிச்ச மரத்தில் கைவைக்கும் பழக்கம் அப்படி வந்ததாம்.

மரம் எங்கே கிடைக்கும்?

இனி, நீங்களே ஒரு பெட்டி செய்து பாருங்கள். ஆசாரி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன்.

மரக்கடைகளில் துண்டு துணுக்குகள் விறகு விலைக்குக் கிடைக்கும். தேக்குத் துண்டு கிடைத்தால் பாக்கியம். வேம்பு நல்லது, அதன் கசப்புக்குச் செல் சீக்கிரம் அண்டாது. மா இழைக்கச் சுலபம், ஆனால் வண்டு துளைக்கும். வெளிநாட்டு அச்சு இயந்திரங்கள் வந்திறங்கும் சிவகாசியில் பைன் பலகைக்குப் பஞ்சம் இல்லை. இயந்திரம் ஆலைக்குள் போகும். பெட்டிப் பலகை வாசலில் கிடக்கும்.

அந்தப் பலகையை எடுக்குமுன் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் போல ஒரு படம், பக்கத்தில் ஆங்கில எழுத்துகள். 2002-இல் ஏற்பட்ட சர்வதேச ஏற்பாட்டின்படி, நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரத்துக்கு இந்த முத்திரை போடுகிறார்கள். மரத்தோடு பூச்சி புழு வந்துவிடக் கூடாது அல்லவா? 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் நடுவரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தாராளமாக எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இதை ஆசாரி இரண்டு முறை சொன்னார். நான் மூன்றாம் முறை சொல்கிறேன். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, ரசாயனக் கிடங்கு ஆகியவற்றிலிருந்து கழித்துப் போட்ட பலகை ஓசியில் கிடைத்தாலும் தொடாதீர்கள். வெடியுப்பும் குளோரேட்டும் மரத்துக்குள் ஊறிக் காய்ந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது. ரம்பம் போடும் உரசலும் சூடும் போதும், பலகை பற்றிக்கொள்ளலாம். அடுப்பிலும் வைக்கக் கூடாது.

பழைய ஆணிகளைக் குறடு போட்டுப் பிடுங்குங்கள். முறிந்து உள்ளே நின்ற ஆணி இழைப்புளியின் வாயைக் கெடுத்துவிடும். ஆசாரி ஒரு பழைய ரேடியோ ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டி வைத்திருக்கிறார். பலகைமேல் அதை மெதுவாக நகர்த்துகிறார். ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் தலை சாய்க்கிறது! அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு ஒதுக்கிவிடுகிறார்.

எட்டு நூல் ஓர் அங்குலம்

தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். பலகையை இழைத்து நாலு நூல் கனத்துக்கு, அதாவது அரை அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நீளப் பலகை இரண்டு: நீளம் 15 அங்குலம், உயரம் 6. அகலப் பலகை இரண்டு: நீளம் ஒன்பதரை அங்குலம். அவற்றில் பின்புறப் பலகையின் உயரம் 6. முன்புறத்துக்கு ஐந்தரை போதும். அந்த அரை அங்குலக் குறைவில்தான் மூடி வெளியே வரும் வழி இருக்கிறது.

நீளப் பலகைகளின் இரு முனைகளிலும் உட்பக்கம் படி வெட்டவேண்டும். படியின் அகலம் நாலு நூல், ஆழம் இரண்டு நூல். அகலப் பலகையின் முனை அந்தப் படியில் உட்காரும்.

அடுத்து காடி. நாலு பலகைகளுக்கும் உட்பக்கம், கீழ் விளிம்பிலிருந்து இரண்டு நூல் விட்டு, இரண்டு நூல் அகலமும் இரண்டு நூல் ஆழமுமாக ஒரு காடி ஓட்டுங்கள். இது அடிப்பலகைக்கு. அதேபோல் மேல் விளிம்பிலிருந்து இரண்டு நூல் விட்டு, நீளப் பலகை இரண்டுக்கும் பின்புறப் பலகைக்கும் மட்டும் இன்னொரு காடி. இது மூடிக்கு. படியின் ஆழமும் காடியின் ஆழமும் ஒன்றே என்பதால் காடியின் முனை வெளியே தெரியாது. இந்த இடத்தைக் காட்டும்போது ஆசாரியின் முகத்தில் ஒரு சின்னப் பெருமிதம்.

அடிக்கும் மூடிக்கும் மிச்சம் விழுந்த ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் சரியாக இருக்கும். அடிப்பலகை 14 அங்குலம் 3 நூலுக்கு 9 அங்குலம் 3 நூல். மூடி 14 அங்குலம் 6 நூலுக்கு 9 அங்குலம் 3 நூல். காடிக்குள் ஒரு நூல் இடம் விட்டே இந்த அளவு. மரம் ஐப்பசி மழையில் ஊதும். சித்திரை வெயிலில் சுருங்கும். அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும். அதனால் அடிப்பலகைக்குப் பசை போடக் கூடாது. காடிக்குள் சும்மா நிற்கட்டும்.

மூன்று பலகைகளைச் சேர்த்து, அடிப்பலகையைக் காடியில் நுழைத்து, நாலாவது பலகையால் மூடுங்கள். படிகளில் மட்டும் பசை. அந்தக் காலத்தில் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள். அந்த நாற்றத்துக்குத் தெருவே மூக்கைப் பிடிக்கும். இன்று கடையில் விற்கும் பெவிகால் போதும். சுற்றிலும் கயிறு கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். பலகைகள் கவ்விக்கொள்ளும். பசை காயுமுன் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம் தப்பவில்லை. ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும்.

மூங்கில் ஆணி

மறுநாள்தான் விசேஷம். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய கெட்டிப் பகுதியைப் பிளந்து, ஒரு நூல் பருமனில், ஒன்றரை அங்குல நீளத்தில் பன்னிரண்டு ஆணிகள் சீவிக்கொள்ளுங்கள். வாணலியில் மணலோடு போட்டு லேசாக வறுக்கவேண்டும். சமையலறையில் இதற்கு அனுமதி வாங்குவது அவரவர் சாமர்த்தியம். வறுத்தால் ஈரம் போய் மூங்கில் சற்றே ஒடுங்கும். பிறகு மரத்துக்குள் போனதும் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி இறுகிக்கொள்ளும். அப்புறம் குறடு போட்டாலும் வராது.

மூலைக்கு மூன்று துளை. நீளப் பலகையின் வெளிப்புறமிருந்து அகலப் பலகையின் முனைக்குள் துளை போகவேண்டும். நேராகப் போடாமல் ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் சற்றே சாய்த்துப் போடுங்கள். சாய்ந்த ஆணிகள் ஒன்றை ஒன்று விடாது. கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறக்கி, மிஞ்சிய தலையை உளியால் சீவிவிட்டால் வேலை முடிந்தது.

மூடியின் முன் ஓரத்தில் உளியால் ஒரு நகக்குழி. அதில் விரலை வைத்து இழுக்கலாம். மூடியின் ஓரங்களிலும் காடியிலும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். உட்புறம் பதினாலுக்கு ஒன்பது, ஆழம் ஐந்து அங்குலம். ஏ4 காகிதம் மடியாமல் படுக்கும்.

உப்புத்தாள் போட்டபின் ஆளிவிதை எண்ணெய் பூசினால் மரத்தின் ரேகை அழகாக எழும். ஆனால் எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறும்; சுருட்டிய துணி தீப்பிடித்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

உள்ளே ஒட்டுவதற்குப் பழைய காலண்டர் தாளைவிட நல்லது கிடையாது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் வெளிவரும். நம் வீட்டுச் சுவரில் போன வருஷத்து மகாலட்சுமி இன்னும் தொங்கிக்கொண்டிருப்பாள். அவளை எடுத்து மூடியின் உட்புறம் ஒட்டிவிடலாம். அந்த அம்மாளின் பெட்டியில் முருகன் இருந்தார்.

பெட்டியை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். மரம் மரம்தான், தீயைத் தாங்காது. தரையிலும் வேண்டாம். எட்டும் உயரத்தில் ஒரு பலகைமேல் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

அரை நூல்

ஊர் திரும்பி நானும் ஒன்று செய்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இடது கைப் பெருவிரலில் ஒரு தழும்பும் ஆயிற்று. முதல் மழை வந்தது. மூடி இறுகிவிட்டது! இழுத்தால் பெட்டியே சேர்ந்து வருகிறது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது பையில் வைத்து எடுத்துப் போனேன். ஆசாரி மூடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். காடியில் கட்டைவிரலை ஓட்டினார்.

"எத்தனை நூல் விட்டீங்க?"

"சரியாக இருக்கட்டும் என்று... ஒன்றும் விடவில்லை."

அவர் திட்டவில்லை. இழைப்புளியை என் கையில் கொடுத்து, தம் கையை என் கைமேல் வைத்தார். பக்கத்துக்கு அரை நூல் சீவினோம். மெழுகு தேய்த்தார். மூடியைப் போட்டு, பெட்டியைச் சாய்த்துப் பிடித்தார். மூடி தானே வழுக்கி வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இப்ப ரொம்பத் தளர்ந்துபோச்சு தம்பி. பரவாயில்ல, கார்த்திகை வரட்டும், சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு, வேப்ப மரத்தடியில் குவித்து வைத்திருந்த பலகைகளின்மேல் மறுபடியும் காந்தத்தை ஓட்ட ஆரம்பித்தார்.